வெங்கச்சங்கல் தூசி

திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்று தோட்டத்துக்குள் வந்து நின்றுவிட்டால், அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. கம்ப்ரஸர் உறுமும். சுத்தியல் பிட் பாறையைப் பொடித்துக்கொண்டே கீழே போகும். பொடிந்ததை அழுத்தக் காற்று மேலே தள்ளும். முதலில் செம்மண், பிறகு ஓடைக்கல், அதற்கும் கீழே கெட்டிப் பாறை. பாறை தட்டுப்பட்டதும் குழியிலிருந்து வெள்ளை வெளேரென்று புகை கிளம்பும். தோட்டக்காரருக்கு அதைப் பார்த்தாலே வயிற்றைப் பிசையும். புகை வருகிறவரை தண்ணீர் இல்லை என்று அர்த்தம். தூசி நனைந்து சேறாகத் தெறித்தால்தான் அவருக்கு உயிர் வரும். அறுநூறு அடி, எண்ணூறு அடி, ஆயிரத்தையும் தாண்டி ராடு இறங்கிக்கொண்டே இருக்கும். அத்தனை நேரமும் புகை அடங்காமல் போவதும் உண்டு.

ராடு மாட்டுகிற பையன்கள் அந்தப் புகைக்குள்ளேதான் நிற்கிறார்கள். புருவம், இமை, காது மடல் எல்லாம் வெள்ளை பூத்திருக்கும். மூக்கைச் சுற்றி ஒரு துண்டு. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் காற்றடிக்கிற திசை பார்த்து நகர்ந்து நின்றுகொள்வார்கள். பையன்களுக்கு அந்த வசதி கிடையாது.

புகை என்று நாம் சொன்னாலும் அங்கே எதுவும் எரியவில்லை. அது கல் மாவு. கொங்கு நாட்டின் அடியில் கிடக்கிற நைஸ் வகைப் பாறைகளில் கணிசமான பங்கு குவார்ட்ஸ். காட்டில் வெள்ளையாகக் கிடக்கும் வெங்கச்சங்கல் இருக்கிறதே, சின்ன வயதில் இரண்டை எடுத்து உரசித் தீப்பொறி பறக்கவிட்டிருப்போமே, அதே பொருள்தான். வேதியியலில் சிலிக்கான் டைஆக்சைடு, படிக வடிவில். கல்லாகக் கிடக்கும்வரை அது யாரையும் ஒன்றும் செய்யாது. மூச்சுக்குள் போகிற அளவுக்குப் பொடிந்துவிட்டால் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1997-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை முடிவு செய்து, தன் பட்டியலின் முதல் தொகுதியில் சேர்த்தது. புகையிலை, ஆஸ்பெஸ்டாஸ், பென்சீன் எல்லாம் இருக்கிற அதே தொகுதி.

கொங்கு நாட்டுக்காரர்கள் மார்தட்டிச் சொல்லிக்கொள்கிற தொழில்களை எண்ணிப் பாருங்கள். ஊர் ஊராகப் போய் பூமியைத் துளைக்கும் ரிக் வண்டி. அந்தத் துளைக்குள் இறங்குகிற மோட்டார் பம்பு. அதன் உடம்பை வார்த்துக் கொடுக்கும் கணபதி, பீளமேடு, சிட்கோ பக்கத்து ஃபவுண்டரிகள். இந்தியா முழுக்க மாவாட்டுகிற கோவை வெட் கிரைண்டர். ரிக், வார்ப்பு, கல்பட்டறை மூன்றும் வேறு வேறு தொழில். மூன்றிலும் வேலைக்காரர் மூச்சோடு உள்ளே போவது ஒரே பொருள். இதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. செல்போன் டவரைப் பற்றிப் பேசுகிறோம், பிளாஸ்டிக் டம்ளரைப் பற்றிப் பேசுகிறோம், வாட்ஸாப்பில் வரும் பிராய்லர் கோழிக் கதையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம்.

பட்டியல் என்றேனே, அதைக் கொஞ்சம் விளக்கிவிட வேண்டும்; நம்மூரில் அதைத் தப்பாகப் படிப்பவர்கள்தான் அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் 1965-ல் பிரான்சின் லியோன் நகரில் தொடங்கப்பட்ட இந்த முகமை, ஒரு பொருளையோ தொழிலையோ எடுத்துக்கொண்டு அதுவரை வெளியான ஆய்வுகளையெல்லாம் நிபுணர் குழு ஒன்றின் முன் வைக்கும். மனிதரிடம் போதிய சான்று இருந்தால் முதல் தொகுதி. அதற்கு அடுத்த நிலையில் ‘பெரும்பாலும் உண்டாக்கும்’, ‘உண்டாக்கக்கூடும்’ என்று இரண்டு பிரிவுகள். சொல்ல முடியாதவை மூன்றாம் தொகுதி. ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை இதுவரை எடை போட்டிருக்கிறார்கள். முதல் தொகுதியில் இருப்பவை சுமார் 130 மட்டும். செல்போனின் கதிரலைகள் 2011-ல் ‘உண்டாக்கக்கூடும்’ என்ற பிரிவில் வைக்கப்பட்டன. ஆசிய முறைக் காய்கறி ஊறுகாயும் அங்கேதான் இருக்கிறது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இந்தத் தொகுதிகள் சான்று எவ்வளவு உறுதியானது என்பதைச் சொல்கின்றன. பொருள் எவ்வளவு கொடியது என்பதைச் சொல்வதில்லை. 2015-ல் பதப்படுத்திய இறைச்சி முதல் தொகுதிக்குள் வந்தபோது, ‘சாசேஜும் சிகரெட்டும் ஒன்று’ என்று உலகமே கூச்சல் போட்டது. அப்போது உலக சுகாதார நிறுவனம் எடுத்துக்காட்டிய மதிப்பீடு இது: பதப்படுத்திய இறைச்சி மிகுந்த உணவால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 34,000 புற்றுநோய் மரணம், புகையிலையால் சுமார் 10 லட்சம், மதுவால் சுமார் 6 லட்சம். இரண்டும் புற்றுநோய் தரும் என்பதில் ஐயமில்லை, அவ்வளவுதான் தொகுதிக்குப் பொருள். எத்தனை பேருக்கு வரும் என்பது எவ்வளவு, எத்தனை நாள், எந்த வழியாக உள்ளே போகிறது என்பதைப் பொறுத்தது. அதை லியோனில் உட்கார்ந்து யாரும் தீர்மானிக்க முடியாது. பட்டறையில்தான் தீர்மானம் ஆகிறது.

குவார்ட்ஸ் முதல் தொகுதிக்கு வந்த கதையும் சுலபமானதல்ல. 1987-ல் அது இரண்டாம் தொகுதியின் மேல்படியில்தான் இருந்தது. 1997 குழுவும் முதல் தொகுதிக்கு ஏற்றிய கையோடு, ஆராயப்பட்ட எல்லாத் தொழில்களிலும் புற்று கூடுதலாகக் காணப்படவில்லை என்று ஒரு வரி எழுதி வைத்தது. தொழில் முதலாளிகள் அந்த வரியைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அதில் ஒரு அறிவியல் விஷயமும் உண்டு. குவார்ட்ஸ் எல்லா நிலையிலும் ஒரே குணம் காட்டுவதில்லை. ஆற்றுமணலில் பல காலம் கிடந்து தேய்ந்த துகள் வேறு, இப்போதுதான் உடைந்த துகள் வேறு. புதிதாக உடைந்த பரப்பில் வேதிப் பிணைப்புகள் அறுந்து, துணை தேடி நிற்கும் அணுக்கள் இருக்கும். அவை ஈரத்தோடு சேர்ந்தால் உயிரணுவைக் குதறும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்கும். நாளாக ஆக அந்த வீரியம் குறைந்துவிடும். ரிக்கிலும் கல்பட்டறையிலும் மூச்சுக்குள் போவது அப்போதைக்கப்போது உடைந்த தூசி.

உள்ளே போனபின் என்ன நடக்கிறது? தலைமுடியின் குறுக்களவு ஏறக்குறைய 70 மைக்ரான். கண்ணுக்குத் தெரிகிற தூசி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் சளியோடு சிக்கி வெளியே வந்துவிடும். நாலைந்து மைக்ரானுக்குக் கீழே உள்ளவைதான் நுரையீரலின் கடைசிச் சிற்றறைகள்வரை போகும். அவை கண்ணுக்கே தெரியாது. சிற்றறையில் காவலுக்கு இருக்கிற விழுங்கணுக்கள் வந்த துகளை விழுங்கும். கிருமியாக இருந்தால் செரித்துவிடும். கல்லைச் செரிக்க முடியுமா? துகள் விழுங்கணுவின் வயிற்றுப் பையைக் கிழிக்கும். அணு அழற்சிச் சமிக்ஞைகளைக் கொட்டிவிட்டுச் சாகும். துகள் அப்படியே வெளியே வரும். அதை அடுத்த அணு விழுங்கும். அதுவும் சாகும். வேலையை விட்டுப் பத்து வருடம் ஆனாலும் இந்தச் சுழற்சி நிற்காது, ஏனென்றால் துகள் எங்கேயும் போகவில்லை. புண்ணாகி ஆறி, புண்ணாகி ஆறி, திசு தழும்பேறி இறுகும். அதுதான் சிலிகோசிஸ். ஓயாத அழற்சிக்கு நடுவே அணுக்கள் திரும்பத் திரும்பப் பிரிய வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு பிரிவிலும் மரபணுவில் பிழை விழ வாய்ப்பு. சிலிகோசிஸ் வந்தவர்களுக்கு நுரையீரல் புற்று மற்றவர்களைவிட இரண்டு மடங்கு அளவில் காணப்படுகிறது. கூடவே பீடியும் இருந்தால் இரண்டும் சேர்ந்து தாக்கும்.

தமிழர்களுக்கு இந்தத் தூசி புதிதல்ல. கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் வட ஆர்க்காடு, சேலம் பக்கத்திலிருந்து போனவர்கள் ஏராளம். 1947-ல் வெளியான ஆய்வில் அங்கே பரிசோதிக்கப்பட்ட 7,653 தொழிலாளரில் 43.7 விழுக்காட்டினருக்குச் சிலிகோசிஸ் இருந்தது. நூறில் நாற்பத்து நான்கு பேர். தங்கம் தேடிப் போனவர்கள் நெஞ்சு நிறைய வெங்கச்சங்கல்லைச் சுமந்துகொண்டு ஊர் திரும்பினார்கள்.

ஃபவுண்டரிக்குள் வருவோம். இரும்பு வார்ப்பதற்கு அச்சு செய்கிற மணல் ஏறக்குறைய முழுதும் குவார்ட்ஸ். அதோடு பெண்டோனைட் களிமண், தண்ணீர், நிலக்கரித் தூள் சேர்த்து மில்லரில் அரைத்து எடுத்தால் கறுப்பாக, கையில் பிடித்தால் பிடித்தபடி நிற்கும். நிலக்கரி எதற்கு என்றால், 1,400 டிகிரிக்கு மேல் கொதிக்கிற இரும்பு அச்சுக்குள் விழும்போது கரித்தூள் கருகி வாயு உண்டாகி மணலுக்கும் உலோகத்துக்கும் இடையே ஒரு மெல்லிய திரையாக நிற்கும். அப்போதுதான் காஸ்டிங் வழவழவென்று வரும். கருகும்போது வெளிவரும் புகையில் பென்சோபைரீன் முதலான பலவளைய ஹைட்ரோகார்பன்கள் இருக்கின்றன. பென்சோபைரீன் தனியாகவே முதல் தொகுதிப் பொருள். உடம்பு அதை நீரில் கரைத்து வெளியேற்றப் பார்க்கிறது. அந்த முயற்சியில்தான் அது வினைவேகம் மிக்க வேறு வடிவமாக மாறி மரபணுவின் குவானின் எழுத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. நுரையீரல் புற்றில் பி53 என்ற காவல் மரபணுவில் எந்தெந்த இடங்களில் அடிக்கடி பிழை விழுகிறதோ, அதே இடங்களில்தான் இது ஒட்டுகிறது என்பதை 1996-ல் கண்டார்கள். சிகரெட் புகையிலும் இருப்பது இதேதான்.

எனவே ஃபவுண்டரியில் எது குற்றவாளி என்று பிரித்துச் சொல்வது கடினம். மணலா, புகையா, கோர் ஷாப்பில் ரெசின் காயும்போது வருகிற நெடியா, பழுது பார்க்கும் வெல்டிங்கின் ஆவியா? முகமை இதற்கு ஒரு நேரான வழியைக் கண்டது. பொருளைப் பிரிக்காமல் ‘இரும்பு, எஃகு வார்ப்புத் தொழிலில் வேலை செய்வது’ என்று தொழிலையே 1980-களில் முதல் தொகுதியில் எழுதிவிட்டது. பல நாட்டு ஆய்வுகளில் வார்ப்புத் தொழிலாளருக்கு நுரையீரல் புற்று ஒன்றரை முதல் இரண்டரை மடங்கு வரை கூடுதலாக இருந்தது. கோவையின் முதுகெலும்பு என்று மேடையில் பேசுகிறோமே, அந்தத் தொழில் பெயரோடு பட்டியலில் இருக்கிறது. ஃபவுண்டரிக்குள் தூசி அதிகம் பறக்கிற இடம் உலையடி என்று வெளியாட்கள் நினைப்பார்கள். வார்த்து ஆறிய அச்சை உதறி உடைக்கிற நாக்அவுட்டும், காஸ்டிங்கில் ஒட்டிய மணலைக் கிரைண்டிங் வீலில் தேய்த்தெடுக்கும் ஃபெட்லிங்கும்தான் மோசம். அவை திறமை குறைந்த வேலை என்று கருதப்படுவதால் புது ஆளும் வெளியூர் ஆளும் அங்கேதான் முதலில் நிறுத்தப்படுவார்கள்.

வெட் கிரைண்டரை 1955-ல் கோவையில் உருவாக்கியவர் பி. சபாபதி. அதற்கு முன்பு ஆட்டுக்கல். ‘அம்மி கொத்தறதே, ஆட்டாங்கல் கொத்தறதே’ என்று தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு போனவர்கள் உளியாலும் சுத்தியாலும் திண்ணையோரம் உட்கார்ந்து பொளிந்தார்கள்; மெதுவான வேலை, கொஞ்சம் தூசி, திறந்த வெளி. கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததற்கு ஊத்துக்குளிப் பக்கத்துக் கல்லும் ஒரு காரணம். அந்தக் கல்லை இன்றைக்கு மின்சாரச் சக்கரம் அறுக்கிறது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றுகிற வட்டு உலர்ந்த கல்லில் பட்டால் எழும் தூசியில் மிக நுண்ணிய பங்கு உளியடியைவிடப் பல மடங்கு. அதே வட்டின்மேல் ஒரு சின்னக் குழாயில் தண்ணீர் ஒழுகவிட்டால் தூசியில் பெரும்பகுதி சேறாகக் கீழே விழுந்துவிடும். ஒரு பட்டறையில் தண்ணீர் விட்டு அறுக்கிறார்கள். சற்றுத் தள்ளி இன்னொன்றில் உலர்ந்த வட்டு ஓடுகிறது. கேட்டால், ‘கோடு தெரிய மாட்டேங்குதுங்க, சேறு அடிக்குதுங்க’ என்கிறார் வட்டைப் பிடித்தவர். அவர் சொல்வதும் பொய்யில்லை. நனைந்த கல்லில் பென்சில் கோடு தெரியாது; நாளெல்லாம் ஈரத்தில் நின்றால் கால் விரலிடுக்கு வெந்துவிடும். பீஸ் ரேட்டில் கூலி வாங்குகிறவருக்கு இன்றைய கோடு முக்கியம், 2050-ன் நுரையீரல் அடுத்த பிரச்சினை.

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. கோவை அடுக்ககங்களில் மாடுலர் கிச்சனுக்குக் கிரானைட்டை விட்டு ‘குவார்ட்ஸ்’ மேடை போடுகிறார்கள். கல்தூளைப் பிசின் விட்டு அழுத்திச் செய்த பலகை. பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் சிலிக்கா உள்ள வகைகள் உண்டு. ஸ்பெயினிலும் இஸ்ரேலிலும் ஆஸ்திரேலியாவிலும் இதை அறுத்த இளைஞர்களுக்கு முப்பது வயதிலேயே சிலிகோசிஸ் முற்றி, சிலருக்கு நுரையீரலையே மாற்ற வேண்டி வந்தது. 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா இந்தப் பலகையை அடியோடு தடை செய்தது. இங்கே பலகையை வீட்டுக்குக் கொண்டுவந்து பால்கனியில் வைத்தே உலர் வட்டால் அறுத்துக் கொடுக்கிறார்கள். வீட்டுக்காரர் சன்னலைச் சாத்திக்கொள்கிறார்.

துண்டு கட்டினால் போதாதா என்று கேட்பார்கள். துண்டின் இழைகளுக்கு இடையே உள்ள சந்து நூற்றுக்கணக்கான மைக்ரான். பெரிய தூசி அதில் நிற்கும், அதனால் கட்டியவருக்குப் பாதுகாப்பாக இருப்பதாகத் தோன்றும். ஆபத்தான நுண்தூசி தடையில்லாமல் போகும். அளவுக் கணக்கைப் பார்த்தால் இது எவ்வளவு நுட்பமான விவகாரம் என்று புரியும். அமெரிக்காவில் 2016 முதல் ஒரு கனமீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் குவார்ட்ஸ்தான் உச்சவரம்பு. எட்டு மணி நேர வேலையில் ஒருவர் சுமார் பத்துக் கனமீட்டர் காற்றை இழுக்கிறார் என்றால், நாளொன்றுக்கு அரை மில்லிகிராம். தூள் உப்பில் பத்துப் பருக்கை அளவுக்கு வராது. நம் பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை ஒரு வாய்பாடு தந்தது: பத்தை, தூசியில் உள்ள குவார்ட்ஸ் சதவீதத்தோடு இரண்டைக் கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். முழுக் குவார்ட்ஸ் என்றால் 10/102 மில்லிகிராம், அதாவது கனமீட்டருக்கு ஏறக்குறைய 98 மைக்ரோகிராம். அமெரிக்க வரம்பைப்போல் இரண்டு மடங்கு. அதையாவது அளந்து பார்க்கிற பம்பும் வடிதாளும் எத்தனை பட்டறைகளுக்குள் நுழைந்திருக்கும் என்பதை வாசகரின் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

தூசியைக் குறைப்பதற்கு வழி தெரியாமல் யாரும் தவிக்கவில்லை. காஸ்டிங்கை மணல் பீச்சிச் சுத்தம் செய்வதை 1949-லேயே பிரிட்டன் சட்டம் போட்டு நிறுத்தியது; அந்த இடத்துக்கு எஃகுக் குண்டு வந்தது. கோவையின் நல்ல ஃபவுண்டரிகளில் ஷாட் பிளாஸ்டிங் அறை மூடியபடி ஓடுகிறது, நாக்அவுட்டுக்குமேல் உறிஞ்சு குழாய் இருக்கிறது, மணல் தானாகவே பெல்ட்டில் திரும்பிப் போகிறது. ரிக்கிலும் காற்றோடு கொஞ்சம் தண்ணீரும் நுரையும் சேர்த்துச் செலுத்தினால் புகை அமுங்கிவிடும். பணம் ஆகும், அவ்வளவுதான். மாஸ்க் இந்த வரிசையில் கடைசி. உலையின் வெக்கையில் எட்டு மணி நேரம் அதை மாட்டிக்கொண்டு நின்று பார்த்தவருக்குத்தான் தெரியும்.

கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்கிறோம். அந்த மான்செஸ்டருக்கு ஒரு புற்றுநோயும் சொந்தம் என்பதை யாரும் சொல்வதில்லை. லங்காஷயர் மில்களில் மியூல் என்ற நூற்பு எந்திரத்தின்மேல் குனிந்து குனிந்து நூல் பிணைத்தவர்களின் கால்சட்டை முன்பக்கம் எந்திர எண்ணெயில் ஊறிப்போகும். பல வருடம் கழித்து விதைப்பையின் தோலில் புற்று வரும். 1922-ல் மான்செஸ்டர் மருத்துவர்கள் இதைத் தொழிலோடு முடிச்சுப் போட்டு எழுதினார்கள். தூய எண்ணெயைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று விதி வந்தது 1953-ல். முப்பது வருடம்! சுத்திகரிக்காத கனிம எண்ணெய் இன்றைக்கு முதல் தொகுதியில் இருப்பது அந்த நூற்பாளர்களால். 1888-ல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கியது முதல் இங்கேயும் நூற்பு இருக்கிறது என்றாலும், நாம் பார்த்துப் பழகிய ரிங் ஃபிரேமில் அப்படித் தொடையில் எண்ணெய் தெறிக்கிற வேலை இல்லை. தப்பித்தோம். லேத் பட்டறையில் கட்டிங் ஆயில் தெறித்த பேண்ட்டோடு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு அந்தக் கதையைச் சொல்லி வைக்கலாம்.

திருப்பூர் அப்படித் தப்பவில்லை. சாயத்துக்கும் சிறுநீர்ப்பைப் புற்றுக்குமான உறவை முதலில் கண்டவர் ஃபிராங்க்ஃபர்ட் அறுவைச் சிகிச்சையாளர் லுட்விக் ரேன். 1895-ல், ஃபுக்சின் சாயம் செய்யும் தொழிலாளர் மூன்று பேருக்கு ஒரே நோய் வந்ததை அவர் கவனித்தார். எலியில் சோதித்தபோது ஒன்றும் தெரியாமல் பல வருடம் போனது. 1938-ல் வில்ஹெல்ம் ஹூப்பர் நாய்களுக்கு 2-நாஃப்தைலமைன் கொடுத்து அதே புற்றை உண்டாக்கிக் காட்டினார். ஏன் சிறுநீர்ப்பை? கல்லீரல் இந்த நறுமண அமீன்களை மாற்றி, சர்க்கரை மூலக்கூறு ஒன்றைக் கட்டி, சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. அமிலத்தன்மை உள்ள சிறுநீரில் அந்தக் கட்டு அவிழ்கிறது. அவிழ்ந்த நஞ்சு, பை நிறைகிறவரை மணிக்கணக்கில் அதன் சுவரோடு உறவாடுகிறது. வேலை நேரத்தில் கழிப்பறைக்குப் போக முடியாமல் தண்ணீரே குடிக்காமல் இருப்பவருக்குச் சிறுநீர் கெட்டிப்படும், தங்கும் நேரமும் கூடும்.

பென்சிடின் போன்ற அமீன்களாக உடையக்கூடிய அசோ சாயங்களை உடுப்புகளில் 1994-ல் ஜெர்மனி தடை செய்தது. திருப்பூர் ஏற்றுமதியாளர்களுக்கு அப்போது தூக்கம் போயிற்று. லேப் ரிப்போர்ட் இல்லாமல் கண்டெய்னர் நகராது. 1997-ல் இந்தியாவும் 70 அசோ சாயங்களைத் தடை செய்தது. நல்ல காரியம். ஆனால் அது எந்த வழியாக வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பனியனைப் போட்டுக்கொள்ளும் ஜெர்மானியரின் தோலைக் காக்க வந்த விதி, சாயம் கலக்கும் கலர் கிச்சனில் பவுடரை அள்ளி நிறுத்தவரையும் போகிறபோக்கில் காப்பாற்றியது. பவுடரை மூச்சில் இழுத்தவரின் அளவு, துவைத்த பனியனைப் போட்டவரின் அளவைவிட எத்தனையோ மடங்கு. தடைக்கு முந்தைய விஞ்ச் சாய எந்திரக் காலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இப்போது அறுபதை ஒட்டிய வயது. சிறுநீரில் வலியில்லாமல் ரத்தம் போனால் கல்லடைப்பு என்று விட்டுவிடாமல், பழைய தொழிலைச் சொல்லி மருத்துவரிடம் காட்ட வேண்டியவர்கள் அவர்கள்.

நொய்யலைப் பற்றிக் கேட்பீர்கள். பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சில வருடங்களில் சாயக்கழிவுத் தேக்கமாக மாறியதும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தண்ணீரின் முதல் குற்றம் உப்பு. சாயம் பஞ்சில் பிடிக்க மூட்டை மூட்டையாகக் கொட்டிய சோடியம் உப்புகள் கிணற்றையும் மண்ணையும் கெடுத்தன, தென்னையைக் கொன்றன. உப்பு புற்றுநோய்ப் பட்டியலில் இல்லை. ஆற்றங்கரை ஊர்களில் எல்லா நோயையும் ஆற்றின் தலையில் ஏற்றிவிடும்போது, பட்டறைக்குள் பவுடர் நிறுத்தவர் கணக்கிலிருந்து காணாமல் போகிறார்.

வெற்றிலைபாக்கு பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. மேட்டுப்பாளையம் தோப்புப் பாக்கானாலும் சரி, புகையிலை சேர்க்காவிட்டாலும் சரி, பாக்கு முதல் தொகுதி. 2004-ல் வெளியான முடிவு அது. கல்யாணத்தில் ஒரு தடவை போடுவதைப் பற்றிப் பேச்சில்லை. போயிலையைக் கொடுப்பில் அதக்கிக்கொண்டு ஷிப்டு முழுக்க நிற்பது வேறு. தூசியில் வாய் வறளாமல் இருக்கத்தான் போடுகிறோம் என்று ரிக்கிலும் ஃபவுண்டரியிலும் சொல்கிறவர்கள் உண்டு. ஒரு முதல் தொகுதிக்கு மருந்தாக இன்னொரு முதல் தொகுதி.

1700-ல் இத்தாலியின் மோடெனா ஊர் மருத்துவர் ராமாசினி, தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு ‘என்ன தொழில்?’ என்றும் கேளுங்கள் என்று அதில் சொன்னார். நம்மிடம் சட்டங்களுக்குக் குறைவில்லை. போபால் நச்சுவாயு விபத்துக்குப் பின் 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியபோது ஃபவுண்டரியை அபாயகரமான தொழில்களின் அட்டவணையில் சேர்த்தார்கள். அப்படிப்பட்ட ஆலை ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வைத்திருக்க வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும் என்றது அதன் 41-சி பிரிவு. சிலிகோசிஸும் தொழில்வழிப் புற்றுநோயும் மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நோய்கள். சிறுநீர்ப்பைப் புற்று இழப்பீட்டுக்கான தொழில்நோய் அட்டவணையிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் இ.எஸ்.ஐ. திட்டம் முதலில் வந்ததே கோவைக்குத்தான், 1955-ல். இவ்வளவும் இருந்தும், இருமிக்கொண்டு வருகிற வார்ப்புத் தொழிலாளியின் எக்ஸ்ரேயில் மேல்பகுதியில் நிழல் தெரிந்தால் என்ன தொழில் என்று கேட்காமல் காசநோய் மாத்திரை எழுதிக் கொடுப்பதுதான் எளிதாக இருக்கிறது. சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோயும் எளிதில் வரும் என்பதால் அது பாதிச் சரியாகவும் போய்விடுகிறது.

தமிழ்நாடு முழுமைக்குமான புற்றுநோய்ப் பதிவேட்டை அடையாறு புற்றுநோய் நிலையம் நடத்துகிறது. எந்த ஊர், என்ன வயது, எந்த உறுப்பு என்பதை அது சொல்லும். இருபத்தைந்து வருடத்துக்கு முன் இந்த ஆள் எந்தப் பட்டறையில் நாக்அவுட்டில் நின்றார் என்று அதனிடம் கேட்க முடியாது. அதற்காக உண்டானதல்ல அது. அந்த விவரம் பட்டறையின் மஸ்டர் ரோலில்தான் இருக்கும். அமெரிக்காவில் தொழிலாளியின் தூசி அளவுப் பதிவை முப்பது வருடம் பத்திரப்படுத்த வேண்டும் என்று விதி. இங்கே பட்டறை கைமாறினால் பழைய நோட்டெல்லாம் எடைக்குப் போகிறது.

ரிக்கில் நிற்கிற பையன்களுக்கு அந்த நோட்டும் கிடையாது. அவர்களில் பலர் சத்தீஸ்கர், ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கத்தவர்கள். வண்டி இன்றைக்குக் காங்கயத்தில், அடுத்த வாரம் கர்நாடகத்தில், அப்புறம் மத்தியப் பிரதேசத்தில். இருபது வயதில் வந்து முப்பதில் ஊர் திரும்பிவிடுவார்கள். புற்று தெரிய வருவதற்கு இருபது முப்பது வருடம் ஆகும். புற்றுநோய்ப் பதிவேடு அந்தந்த ஊரில் குடியிருப்பவர்களைத்தான் எண்ணும். ஆகவே ஐம்பது வயதில் ஒருவருக்கு நுரையீரலில் கட்டி வந்தால், அது அவருடைய மாநிலத்துக் கணக்கில் பீடி குடித்த ஒரு விவசாயக் கூலியின் நோயாகப் பதிவாகும். அங்கே பதிவேடு இல்லையென்றால் அதுவும் ஆகாது. கொங்கு நாட்டுப் பாறை எத்தனை பேரை வீழ்த்தியது என்று கோவையில் உட்கார்ந்து யார் எண்ணினாலும் அவர் அந்த எண்ணிக்கையில் வரமாட்டார்.